இணைய ஏலத்தில் நிகழ்படம்

இணைய ஏலத்தில் நிகழ்படம் என்பது, இணையவழி ஏலத்தில் விற்பனைக்கு வரும் ஒரு பொருளின் தோற்றம், இயக்கம், ஒலி, பழுது ஆகியவற்றை ஏலம் கேட்போருக்கு அசையும் படமாகக் காட்டும் முறையாகும். நேரடி ஏலத்தில் பொருளைத் தொட்டும் தூக்கியும் பார்க்க இயலும். இணைய ஏலத்தில் விற்பவரின் விவரிப்பையே நம்ப வேண்டியுள்ளது. இந்த இடைவெளியைக் குறைப்பதே நிகழ்படத்தின் முதன்மைப் பயன் ஆகும். எனினும் நிகழ்படம் பொருளின் நிலையை மட்டுமே காட்டும். அப்பொருள் யாருக்கு உரியது, எவ்வழியாக விற்பவரிடம் வந்தது என்பதை அது காட்டாது. பிரெஞ்சு ஆட்சிக்காலக் கட்டடங்களும் பொருட்களும் மிகுந்த புதுச்சேரி நகரம், நிகழ்படத்தின் பயனையும் எல்லையையும் ஒருங்கே விளக்கும் எடுத்துக்காட்டாகும்.

பொருளியல் அடிப்படை

ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை, பொருளைப் பற்றி அவர் அறிந்தவற்றைப் பொறுத்தது. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கூறு கூறாக ஏலம் விடப்படுகிறது. விலை கேட்கும் வணிகர் மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்த பின்னரே தொகையைச் சொல்வார். மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே பேரம் தொடங்கும். இணையத்தில் இவ்வாய்ப்பு இல்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத நிலை பொருளியலில் தகவல் சமச்சீரின்மை எனப்படும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் பழைய தானுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கினார். நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் வாங்குபவரால் வேறுபடுத்தி அறிய இயலாவிடின், அவர் இரண்டிற்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அவ்விலை கட்டுபடியாகாத நல்ல வண்டி உரிமையாளர் சந்தையிலிருந்து விலகுவார். முடிவில் பழுதான வண்டிகளே எஞ்சும். இத்துறை ஆய்வுகளுக்காக அகெர்லோஃப், மைக்கேல் இசுப்பென்சு, ஜோசப் இசுட்டிகிலிட்சு ஆகிய மூவருக்கும் 2001 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

இணைய ஏலங்களைப் பற்றிய ஆய்வுகளும் இதனை ஒட்டியே அமைந்துள்ளன. ஈபே தளத்தின் தானுந்து ஏலங்களை ஆராய்ந்து கிரகரி லூயிசு 2011 இல் வெளியிட்ட கட்டுரை, விற்பவர் தரும் ஒளிப்படங்களும் எழுத்து விவரங்களும் ஏல விலையைப் பெரிதும் பாதிப்பதைக் காட்டியது. பால் ரெசுனிக்கு குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையான பழைய அஞ்சலட்டைகள் நற்பெயர் பெற்ற கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்கப்பட்டன. நற்பெயர் பெற்ற கணக்கிற்கு 8.1 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது. விற்பவரைப் பற்றிய நம்பிக்கையும் பொருளைப் பற்றிய தகவலும் விலையாக மாறுகின்றன என்பதே இவற்றின் சாரம்.

வரலாறு

ஈபே நிறுவனம் 1995 செப்டம்பரில் பியர் ஓமிடியார் என்பவரால் ஆக்சன்வெப் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அதில் முதலில் விற்ற பொருள் பழுதடைந்த சீரொளிச் சுட்டுக்கருவி ஒன்றாகும். அது 14.83 அமெரிக்க டாலருக்கு விற்றது.

அக்காலத்தில் நிகழ்படம் பரவாமைக்கு இணைப்பின் வேகம் முதன்மைக் காரணமாகும். நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் 3 மெகாபைட் அளவுள்ள சிறு நிகழ்படத்தைத் தரவிறக்க ஏறத்தாழ 7 நிமிடங்கள் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதே கோப்பு 3 நொடிகளுக்குள் வந்துவிடும்.

2005 ஆம் ஆண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு யூடியூப் தொடங்கப்பட்டது. விற்பவர்கள் தம் நிகழ்படத்தை அங்கு ஏற்றி, ஏலப் பக்கத்தில் பதிக்கத் தொடங்கினர். அதே ஆண்டில் ஈபே, வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேச உதவும் என்ற நோக்கில் ஸ்கைப் நிறுவனத்தை வாங்கியது. எதிர்பார்த்த பயன் கிடைக்காமையால் 2009 இல் அதன் பெரும்பங்கை விற்றுவிட்டது. 2017 இல் ஈபே, பாதுகாப்பும் வேகமும் கருதி ஏலப் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட், ஃபிளாஷ் போன்ற இயங்கு நிரல்களைத் தடைசெய்தது. இதனால் நிகழ்படத்தைப் பதிக்கும் பழைய முறைகள் பல செயலிழந்தன. பின்னர் விற்பவர்கள் நிகழ்படத்தைத் தளத்திலேயே ஏற்றும் வசதி தரப்பட்டது.

பழம்பெரும் ஏல நிறுவனங்களுள் கிறிஸ்டீஸ் 2006 இல் ஏல அரங்கை இணையவழியே கண்டும் கேட்டும் விலை கேட்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 சூன் 29 அன்று சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலம் விடுபவர் இலண்டனில் திரைகளின் முன் நின்று, நியூயார்க், ஆங்காங் ஆகிய நகரங்களிலிருந்து வந்த கேட்புகளை ஏற்றார். அதில் பிரான்சிசு பேக்கனின் மூன்று பகுதி ஓவியம் ஒன்று 8 கோடியே 46 இலட்சம் டாலருக்கு விற்றது.

சீனாவில் 2016 இல் தொடங்கிய தாவோபாவ் நேரலை, நிகழ்பட விற்பனையைப் பெருந்தொழிலாக்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 2019 இல் நிறுவப்பட்ட வாட்நாட், நேரலை ஏலத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டது. ஈபே 2022 இல் நேரலை விற்பனையைத் தொடங்கியது.

வகைகள்

ஏலத்தில் பயன்படும் நிகழ்படங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பதிவு நிகழ்படம்: விற்பவர் முன்னரே எடுத்து ஏலப் பக்கத்தில் இணைப்பது. வாங்குபவர் விரும்பிய நேரத்தில் நிறுத்தியும் திரும்பவும் பார்க்கலாம். ஆனால் எதைக் காட்டுவது என்பதை விற்பவரே முடிவுசெய்கிறார்.
2. நேரலை ஏலம்: பொருளைக் காட்டுவதும் விலை கேட்பதும் ஒரே நேரத்தில் நிகழ்வது. ஐயங்களை உடனே கேட்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.
3. அழைப்பு நிகழ்படம்: வாங்க விரும்புபவர் கேட்டுக்கொள்வதற்கு இணங்க, நிகழ்பட அழைப்பில் பொருளைத் திருப்பிக் காட்டுவது. காட்ட வேண்டிய பகுதியை வாங்குபவர் தேர்வு செய்வதால் இது நேரடிப் பார்வைக்கு நெருங்கியது.

எடுக்கும் முறை

ஏல நிகழ்படம் விளம்பரப் படத்திலிருந்து வேறுபட்டது. விளம்பரம் விருப்பத்தைத் தூண்டுவது. ஏல நிகழ்படம் ஐயத்தை நீக்குவது. ஆகவே ஒளிப்படத்தில் தெரியாதவற்றைக் காட்டும்போதே அதற்குப் பயன் உண்டு.

- கடிகாரம், தையல் எந்திரம், இசைத்தட்டுக் கருவி: இயங்கத் தொடங்குவது முதல் நிற்பது வரை ஒலியுடன் காட்டப்பட வேண்டும். பின்னணி இசை சேர்த்தால் எந்திரத்தின் ஒலி மறைந்துவிடும்.
- மரச்சாமான்: இழுப்பறையை இழுத்தும் மூடியும், கதவைத் திறந்தும், அடிப்பகுதியைத் திருப்பியும் காட்டப்பட வேண்டும். கறையான் அரிப்பும் பின்னர் ஒட்டிய பலகையும் பெரும்பாலும் பின்புறத்திலேயே தெரியும்.
- மட்பாண்டம், பீங்கான்: விரலால் மெல்லத் தட்டிக் காட்டலாம். விரிசல் விட்ட கலம் மந்தமான ஒலியைத் தரும்.
- நாணயம்: ஒளியின் கீழ் மெதுவாகச் சாய்த்து இருபுறத்தையும் விளிம்பையும் காட்டி, தராசில் எடையையும் காட்டலாம்.
- ஊர்தி: எந்திரம் குளிர்ந்திருக்கும்போது இயக்கத் தொடங்க வேண்டும். முன்னரே சூடாக்கிய எந்திரத்தில் சில பழுதுகள் வெளிப்படா.

நிகழ்படம் ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் நீடித்தால் போதும். பகல் வெளிச்சத்தில், முக்காலி மீது பொருத்திய கருவியால், இடையே வெட்டாமல் ஒரே காட்சியாக எடுப்பது நம்பிக்கை தரும். அளவுகோல் ஒன்றைப் பொருளின் அருகில் வைத்தால் அளவு விளங்கும். வெள்ளைத் தாள் ஒன்றை வைத்தால் நிறம் பிறழ்ந்துள்ளதா என்பதை அறியலாம். ஏல எண்ணை எழுதிய சீட்டு காட்சியில் இருப்பின், வேறொருவர் அதே நிகழ்படத்தை எடுத்தாள்வது கடினமாகும். பழுதான பகுதியை முதலிலேயே காட்டுவது விற்பவருக்கும் நல்லது. பின்னர் எழும் பூசல்களும் பொருள் திரும்ப வருவதும் குறையும்.

இந்தியாவில்

இந்தியாவில் இணைய ஏலத்தைப் பரவலாக்கிய பாசீ.காம் 2000 இல் மும்பையில் தொடங்கப்பட்டது. 2004 இல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஈபே அதனை வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2017 இல் பிளிப்கார்ட்டின் கீழ் வந்து, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2000 இல் மும்பையில் தினேஷ், மினல் வசிரானி இணையர் தொடங்கிய சாஃப்ரன்ஆர்ட், இந்திய ஓவியங்களை இணையவழி ஏலத்தில் விற்று வருகிறது.

இன்று இணைய ஏலத்தைப் பொதுமக்கள் மிகுதியாக எதிர்கொள்ளும் இடம் வங்கிகளின் சொத்து ஏலமாகும். கடன் நிலுவைக்காக வங்கிகள் கைப்பற்றும் வீடு, மனை, கடை ஆகியவை 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விற்கப்படுகின்றன. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஓரிடத்தில் காட்டும் இ-பிக்ரே தளம் 2019 டிசம்பர் 28 அன்று தொடங்கப்பட்டது. சொத்துகளின் ஒளிப்படங்களுடன் நிகழ்படங்களையும் காட்டுவது அதன் சிறப்புக் கூறுகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் இதன் மேம்பட்ட வடிவமான பேங்க்நெட் தளம் தொடங்கப்பட்டது.

இவ்வேலங்களில் சொத்து பொதுவாக உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது. வெற்றி பெற்றவர் முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையின் 25 விழுக்காட்டை உடனே செலுத்த வேண்டும். எஞ்சிய 75 விழுக்காட்டை விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள், அல்லது எழுத்து மூலம் நீட்டித்த காலத்திற்குள் செலுத்த வேண்டும். தவறினால் செலுத்திய தொகை பறிமுதலாகும். எடுத்துக்காட்டாக, 40 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை ஏலத்தில் எடுத்தவர் 10 இலட்சம் ரூபாயை இழக்க நேரிடலாம். இவ்விதியின் கீழ் நடந்த பறிமுதலை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே நிகழ்படத்தை மட்டும் பார்த்து விலை கேட்பது பேரிழப்பிற்கு வழிவகுக்கலாம்.

புதுச்சேரியில்

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான பிரெஞ்சுத் தொடர்பின் தடயங்கள் நகரின் வீடுகளிலும் பொருட்களிலும் எஞ்சியுள்ளன. இவற்றை இணையவழி விற்கும்போது நிகழ்படம் எதுவரை உதவும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

வீடுகள்

பழைய நகரின் வீடுகள் பல செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. நிகழ்படம் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் சுற்றிக் காட்டும். மழைநீர் சுவருக்குள் இறங்கியுள்ளதா, தளத்தைத் தாங்கும் மர உத்திரம் உளுத்துள்ளதா என்பதைக் காட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரைச் சாலையில் கட்டப்பட்ட மேரி எனும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பரில் பெய்த கனமழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டு 2021 இல் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களைப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்வதற்கு மாற்று இல்லை. மேலும், பழைய வீடுகளின் மூல ஆவணங்கள் சில பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. வில்லங்கச் சான்றிதழுடன் அவற்றையும் படித்தறிந்த பின்னரே உரிமை தெளிவாகும்.

அஞ்சல்தலைகளும் நாணயங்களும்

பிரெஞ்சிந்தியாவின் அஞ்சல்தலைகள் 1892 முதல் வெளியாயின. இரண்டாம் உலகப்போரின்போது புதுச்சேரி விடுதலைப் பிரான்சின் பக்கம் நின்றதால், 1941 முதல் 1943 வரை பழைய அஞ்சல்தலைகள் மீது 'பிரான்சு லீபர்' என்று மேலச்சு இடப்பட்டது. அஞ்சல்தலையைச் சாய்த்துக் காட்டும் நிகழ்படத்தில் பின்புறப் பசை, பல்விளிம்பு, மடிப்பு ஆகியவை தெரியும். மேலச்சு பிற்காலத்தில் போலியாக இடப்பட்டதா என்பதை வல்லுநரே சொல்ல இயலும். புதுச்சேரியில் அச்சான பணம், துட்டு, காசு ஆகிய நாணயங்களுக்கும் இது பொருந்தும்.

கைவினைப் பொருட்கள்

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொருட்களும் புவிசார் குறியீடு பெற்றவை. 1971 இல் ரே மீக்கர், டெபோரா சுமித் ஆகியோர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடம் நகருக்குத் தனிப்பெயர் ஈட்டித் தந்தது. இத்தகைய புதிய கைவினைப் பொருட்களுக்கு நிகழ்படம் மிகவும் ஏற்றது. செய்பவரின் கையில் பொருள் உருவாவதைக் காட்டும்போது, அது எங்கிருந்து வந்தது என்பதும் காட்சியிலேயே விளங்கிவிடுகிறது. பழம்பொருட்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

நிகழ்படத்தின் எல்லையும் ஒளிப்பட ஆவணமும்

பழம்பொருள் ஏலத்தில் பொருளின் நிலையை விட அதன் மூலமே முதன்மையான கேள்வியாகும். இதற்கு விடை தரும் ஆவணங்களுள் ஒன்று புதுச்சேரியிலேயே உள்ளது. 1955 இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் ஒளிப்படம் எடுத்துத் தொகுத்து வந்துள்ளது. இத்தொகுப்பில் 1,35,000 க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. ஆய்வுக்காகத் தொகுக்கப்பட்ட இவை, பிற்காலத்தில் திருட்டுப் படிமங்களை அடையாளம் காணும் சான்றுகளாயின.

அரியலூர் மாவட்டம் சிரீபுரந்தான் கோயிலின் நடராசர் படிமம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். ஆத்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008 இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 50 இலட்சம் டாலருக்கு இதனை வாங்கியது. இது ஏலம் அன்று; நேரடி விற்பனை. படிமம் முறையாக வெளிநாடு சென்றதாகக் காட்டும் ஆவணங்கள் உடன் தரப்பட்டன. அவை போலி என்பது பின்னர் வெளிப்பட்டது. படிமம் கோயிலில் இருந்தபோது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்திருந்த ஒளிப்படங்கள் அதன் மூலத்தை உறுதிப்படுத்த உதவின. 2014 செப்டம்பரில் அப்படிமம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஏலத்திலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2022 டிசம்பரில் பாரிசில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விடவிருந்த நடராசர் படிமம் ஒன்று, தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு கோதண்டராமேசுவரர் கோயிலிலிருந்து திருடப்பட்டது எனத் தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தெரிவித்தது. அதன் பின் அப்படிமம் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது.

விற்பவர் எடுக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது விற்பவரிடம் வந்த பின்னர் எடுத்ததே ஆகும். அதற்கு முன் அப்பொருள் எங்கிருந்தது என்பதை, விற்பனையில் தொடர்பற்ற ஒருவர் முன்பே எடுத்த மங்கலான கருப்பு வெள்ளை ஒளிப்படம் கூடக் காட்டவல்லது.

மோசடிகள்

நிகழ்படம் நம்பிக்கையை வளர்ப்பதால் அதுவே ஏமாற்றுவதற்கும் பயன்படுகிறது. பிறருடைய நிகழ்படத்தை எடுத்துத் தம்முடையதாகக் காட்டுதல், ஒரு பொருளைக் காட்டி வேறொன்றை அனுப்புதல், பழுதான பகுதியை வெட்டி நீக்குதல் ஆகியவை பொதுவாகக் காணப்படும் மோசடிகளாகும். நேரலை ஏலத்தில் விற்பவரின் ஆட்களே விலையை ஏற்றிக் கேட்பதும் உண்டு. செயற்கை அறிவு மென்பொருட்களால் இல்லாத பொருளுக்கும் நிகழ்படம் உருவாக்க இயலும். இவற்றிற்கு எதிராக வாங்குபவர் செய்யத்தக்கது, தாம் கேட்கும் பகுதியை அப்போதே காட்டுமாறு நிகழ்பட அழைப்பில் கோருவதாகும். பொருள் வந்ததும் பொதியைப் பிரிப்பதை நிகழ்படமாக எடுத்து வைப்பதும் முறையீட்டிற்கு உதவும்.

சட்டம்

2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. விற்பனைக்காகக் காட்டும் நிகழ்படத்திற்கும் இது பொருந்தும்.

தளத்தை நடத்துபவரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி 2004 இல் எழுந்தது. பாசீ.காம் தளத்தில் பயனர் ஒருவர் சட்டத்திற்குப் புறம்பான நிகழ்படம் ஒன்றை விற்பனைக்கு வைத்ததற்காக அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர் கைது செய்யப்பட்டார். அவர் மீதான வழக்கை 2012 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இதற்கிடையே 2008 இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. உரிய கவனத்துடன் செயற்படும் இடைநிலைத் தளங்கள், பயனர் இடுபவற்றிற்கான பொறுப்பிலிருந்து அதன்படி பாதுகாப்புப் பெறுகின்றன.

1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருட்களாகும். மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளுக்கு இவ்வரம்பு 75 ஆண்டுகள். தொல்பொருள் வணிகம் செய்ய உரிமம் தேவை. தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய இயலாது. இணையவழி ஏலத்திற்கும் இச்சட்டம் பொருந்தும். ஆகவே புதுச்சேரியின் பழைய வீடொன்றிலிருந்து கிடைக்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள நாற்காலியை வெளிநாட்டவருக்கு விற்க முனைபவர், அதனை நிகழ்படம் எடுப்பதற்கு முன் அதன் அகவையை உறுதிசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஏலம்
- மின் வணிகம்
- தகவல் சமச்சீரின்மை
- பிரெஞ்சிந்தியா
- புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்